பாமாலை மெட்டும் கீர்த்தனையும் விக்கிக்குப் போக: கேள்வி பதில்

சேலத்துக் கிறிஸ்தவ சபைகளின் கொயர்களில் (பாடகர் குழுக்களில்) பாடுகிற சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் துதிப்பாட்டு) மெட்டுகளையும், ராக தாளத்தில் பாடும் கீர்த்தனைகளையும் பதிந்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவது பற்றி இந்த மாதம் கேட்டார்கள். பொதுவகம் என்பது விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்குப் படமும் ஒலியும் எடுத்துக் கொடுக்கிற கிடங்கு. ஏழெட்டு வருடமாக அதில் ஏற்றி வருகிறேன். நான் சொன்ன பதில்கள் இவை; அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

நாம பாடுறதெல்லாம் நூறு வருஷத்துப் பழைய பாட்டுதானே அண்ணா? உரிமைப் பிரச்சினை எங்கிருந்து வரும்? (அஸ்தம்பட்டி)

பாட்டு ஒன்றுதான், தம்பி. அதற்குள் மெட்டு, சொல், மொழிபெயர்ப்பு, இசைக்கோர்ப்பு, ஒலிப்பதிவு என்று ஐந்து பேருக்கு உரிமை இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அது எல்லோருக்கும் பொது. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களில் வேதநாயக சாஸ்திரியார் 1864இல் இறந்தார், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1900இல். இவர்கள் பாட்டுக்குத் தடையே இல்லை. ‘ஓல்டு ஹண்ட்ரட்’ மெட்டு 1551 ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது. ‘ஈவன்டைட்’ மெட்டு 1861இல் ஆங்கிலேயர் வில்லியம் மங்க் போட்டது. இவற்றை உங்கள் ஆர்கனிஸ்ட் வாசித்து நீங்களே பதிந்தால் தாராளமாக ஏற்றலாம்.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வரும். ‘ஹௌ கிரேட் தௌ ஆர்ட்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம் 1885இல் கார்ல் பூபெரி எழுதிய ஸ்வீடிஷ் கவிதை. மெட்டு அந்த நாட்டு மக்கள் பாடிவந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய ஸ்டூவர்ட் ஹைன் இறந்தது 1989இல். அதனால் அந்தச் சொற்களுக்கு இன்னும் உரிமை உண்டு. தமிழ் வரிகளுக்கும் இதே கணக்குதான். மொழிபெயர்த்தவர் யாரென்று தெரியாவிட்டால் சொல்லை விட்டுவிட்டுப் பழைய மெட்டை மட்டும் வாசித்துப் பதியுங்கள். இன்னொன்று, பொதுவகத்தின் சர்வர் அமெரிக்காவில் இருப்பதால் அங்கும் உரிமை முடிந்திருக்க வேண்டும். அங்கே பழைய பாட்டுகளுக்குப் பொதுவாக, வெளியாகி 95 ஆண்டு என்பது கணக்கு.

மெட்டுக்குத் தனியாப் பேர் உண்டா? புத்தகத்துல போட்டிருக்கிற எண்கள் என்ன? (சூரமங்கலம்)

பாட்டின் முதல் வரி வேறு, மெட்டின் பெயர் வேறு. 8.7.8.7 மாதிரி போட்டிருப்பது அடிக்கு இத்தனை அசை என்கிற கணக்கு. ஒரே கணக்குள்ள பாட்டுகளை மெட்டு மாற்றிப் பாடிவிடலாம். நம் சபைகளில் அப்படி மாற்றித்தான் பாடுகிறோம், ஆகவே உங்கள் சபையில் எந்த மெட்டு என்று கோப்போடு சேர்க்கிற விவரத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

வீட்டுல பழைய கேசட் நிறைய இருக்கு. அதை மாத்தி ஏத்தலாமா? (ஆத்தூர்)

வேண்டாம் ஐயா. நான் முதன்முதலில் ஏற்றியதே ஒரு கேசட் பாட்டுதான், சில நாளிலேயே நீக்கிவிட்டார்கள். பாட்டு பழையது என்று மட்டும் பார்த்தேன். பதிவு புதியது, கீபோர்டு கோர்ப்பு இன்னொருவருடையது என்பதை யோசிக்கவில்லை. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. கேசட்டைக் கேட்டு மெட்டைப் படித்துக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் பாடிப் பதியுங்கள்.

போன்லயே பதிஞ்சா போதுமா? ஏற்காட்டுல மழை நேரத்துல எதுவுமே கேக்காதே. (ஏற்காடு)

போதும் அக்கா. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் நம் காதில் விழாது, பதிவில் விழும். ஆர்மோனியத்தின் மேல் போனை வைக்காதீர்கள். துருத்தி அமுக்குகிற ‘புஸ்’ சத்தம் சுரத்தை விடப் பெரிதாகக் கேட்கும். நாலடி தள்ளி, ஸ்டூலில் துண்டு மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். காலை ஆறு மணி நல்ல நேரம், பஸ் ஓட்டம் குறைவு. ஒலித்தரம் குறையாத வேவ் (WAV) அல்லது ஃபிளாக் (FLAC) கோப்பாகச் சேமியுங்கள். மெட்டுக்கு ஒரு சரணம் போதும். கோப்புக்குப் பெயர் தமிழிலேயே வைக்கலாம், ‘ஆடியோ 23’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கீர்த்தனைக்குப் புத்தகத்துல ஒரு ராகம் போட்டிருக்கு, நாங்க பாடுறது வேற. எதைப் பதியறது? (அம்மாப்பேட்டை)

நீங்கள் பாடுவதை. புத்தகத்து ராகத்தையும் தாளத்தையும் விவரத்தில் எழுதி, ‘எங்கள் சபையில் இப்படிப் பாடுகிறோம்’ என்று சேருங்கள். திருத்திப் பாட வேண்டாம். ஆங்கில மெட்டுகளுக்கு ஆர்கன் பதிவு இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. பல்லவியை இழுத்து, அனுபல்லவியில் பெண்கள் தனியாக எடுத்து, திரும்ப எல்லோரும் சேருகிற நம் பாட்டுத்தான் அங்கே குறைவு. அதைச் சேர்க்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

படங்கள்? (ஏற்காடு)

ஆலயக் கட்டடத்தைப் படமெடுத்து ஏற்ற நம் சட்டம் இடம் கொடுக்கிறது. புது ஓவியம், பேனர், புதுப் புத்தக அட்டை கூடாது. நீங்கள் ஏற்காட்டில் இருப்பதால் ஒரு வேலை சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு வேதாகமத்தை மொழிபெயர்த்த பெர்சிவல் பாதிரியார் 1882இல் இறந்தது ஏற்காட்டில்தான். அவர் மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் ஆதிமனிதரின் கற்கருவி கண்டவர், அவரும் ஏற்காட்டில் வாழ்ந்தார். உங்கள் ஊர்ப் பழைய கல்லறைகளின் எழுத்துகளைப் படமெடுங்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துக் குழிக்குள் நிழல் நிற்கும், தெளிவாகப் படிக்கலாம். சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள், கல் கெடும்.

நாம இலவசமாக் கொடுத்ததை வேற யாராவது வித்தா? (ஓமலூர்)

விற்கலாம், மறைக்காமல் சொல்கிறேன். ‘வியாபாரத்துக்கு ஆகாது’ என்கிற உரிமத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. சிசி பை-எஸ்ஏ 4.0 (CC BY-SA 4.0) என்கிற உரிமம் போட்டால், எடுத்துப் பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது. ஆகவே பாடுகிற எல்லோரிடமும் இதை விளக்கிச் சம்மதம் கேளுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் (சண்டே ஸ்கூல்) பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம்.

எங்க பாட்டிக்கு எண்பத்தி நாலு. குரல் உடைஞ்சு போச்சு, ஆனா யாருக்கும் தெரியாத மெட்டுல பழைய கீர்த்தனை பாடுவாங்க. ஏத்தினா நல்லாவா இருக்கும்? (ஓமலூர்)

ஏற்று, தம்பி. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அவர் கொஞ்சம் படுத்து எழுந்தபிறகு உட்காரவை. சுருதி வைக்காதே, அவர் எடுக்கிற சுருதியிலேயே பாடட்டும். நடுவில் இருமினாலும் நிறுத்தாதே. முடிந்ததும் யாரிடம் கற்றார், எந்த ஊரில், அப்போது என்ன வயது என்று கேட்டு அதையும் பதி. நுணுக்கமாக எதாவது சந்தேகம் வந்தால் கோப்பை எனக்கு அனுப்பு, விவரத்தை இருவரும் சேர்ந்து எழுதலாம்.