வாங்கியபின் வந்த கேள்விகள்: வீட்டுக் கணக்குச் செயலிகள்

கேள்வி: வங்கியின் இணையத்தளத்திலிருந்து ஏப்ரல் மாதக் கணக்கறிக்கையைச் சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக இறக்கி, புதிதாக வாங்கிய கணக்குச் செயலியில் ஏற்றினேன். ஏப்ரல் 3ஆம் தேதி தேக்கா சந்தையில் மீன் வாங்கிய 24 வெள்ளி, மார்ச் 4ஆம் தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. 12ஆம் தேதிக்குப் பிந்தியவை ஏறவே இல்லை. செயலியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, செயலி பழுதாகவில்லை. நம் சிங்கப்பூர் வங்கிகள் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகின்றன. உங்கள் செயலியோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. ஆகவே 03/04 என்பதை மார்ச் 4 என்று படித்தது. 13/04 வந்ததும், பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் தள்ளிவிட்டது. தவறாக ஏறியவற்றை முதலில் முழுவதுமாக நீக்குங்கள். பிறகு, கோப்பை ஏற்றும் திரையிலேயே தேதி வடிவத்தை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நீக்காமல் ஏற்றினால், ஒரே மீனுக்கு இருமுறை பணம் கொடுத்ததாகக் கணக்குக் காட்டும். உங்கள் வங்கி, கணக்குச் செயலிகளுக்கென்றே உள்ள ஓஎஃப்எக்ஸ் கோப்பும் தருமானால் இனி அதையே இறக்குங்கள்; அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஏற்கெனவே ஏறியது மறுபடி வந்தால் செயலி கண்டுகொள்ளும்.

கேள்வி: என் மாதச் செலவு என் சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று செயலி சொல்கிறது. நான் அப்படிச் செலவு செய்பவனே அல்லன்.
– செங்காங் வாசகர்

பதில்: கடன்பற்று அட்டையில் வாங்கியவற்றையும் செலவாக எழுதி, மாத இறுதியில் அட்டைக்குக் கட்டிய தொகையையும் செலவாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டாவது செலவன்று, கணக்கு விட்டுக் கணக்குப் பணமாற்றம்.

கேள்வி: வங்கிக் கணக்குக்கும் செயலிக்கும் சரியாக 63 வெள்ளி வித்தியாசம். இரண்டு இரவு தேடியும் 63 வெள்ளிக்கு எந்தச் செலவும் இல்லை.
– கிளமெண்டி வாசகி

பதில்: 63ஐத் தேடினால் கிடைக்காது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருக்க வாய்ப்பு மிகுதி என்பது பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த சூத்திரம். 81ஐ 18 என்றோ, 92ஐ 29 என்றோ, 70ஐ 7 என்றோ தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வித்தியாசம் இரட்டைப்படை எண்ணாக வரும் மாதங்களில், அதில் பாதித் தொகையைத் தேடுங்கள். செலவை வரவென்று எழுதியிருந்தால் அங்கே அகப்படும்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் 149 வெள்ளி கொடுத்து ஒரு செயலிக்கு 'வாழ்நாள் உரிமம்' வாங்கினேன். அடுத்த மாத இறுதியில் சேவையை நிறுத்தப்போவதாக இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம்; கணக்கை இன்றிரவே வெளியே எடுங்கள். ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகச் சிஎஸ்வி அல்லது க்யூஐஎஃப் (இதுவும் கணக்குச் செயலிகள் படிக்கும் ஒரு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து, இறுதி இருப்பை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மட்டும் எடுத்தால் பார்க்கலாமே தவிர வேறு செயலிக்குக் கொண்டுபோக முடியாது. ரசீதுப் படங்கள் பெரும்பாலும் இந்தக் கோப்புகளோடு வருவதில்லை; அவற்றைத் தனியே சேமியுங்கள். க்னூகேஷ் என்னும் இலவச மென்பொருள் இவ்விரு வகைக் கோப்புகளையும் படிக்கும்.

'வாழ்நாள்' என்ற சொல்லை விளம்பரத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யாருடைய வாழ்நாள்? உங்களுடையதன்று, அந்தச் செயலியுடையது. நானும் ஒரு காலத்தில், ஒரு கடைத்தொகுதியில் 89 வெள்ளி கொடுத்துக் குறுந்தட்டில் ஒரு கணக்கு மென்பொருள் வாங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்துக் கணினியை மாற்றியபோது, பதிவு எண்ணைச் சரிபார்க்கும் சேவையை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். கோப்பு என் கையில் இருந்தது, திறவுகோல் அவர்களிடம் இருந்தது. எங்கள் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் புதுப்பிப்புச் செலவு முழுவதும் அதற்குள் அடைபட்டுப் போயிற்று. என் மனைவி நம்பிக்கையில்லாமல் அச்சிட்டு வைத்த 11 தாள்கள்தான் மிஞ்சின. பெரிய நிறுவனமாயிற்றே என்ற ஆறுதலும் உதவாது: மைக்ரோசாஃப்ட் தன் 'மணி' மென்பொருளின் விற்பனையை 2009இல் நிறுத்தியது, இன்டியூட்டின் 'மிண்ட்' 2024 மார்ச்சில் மூடப்பட்டது. வண்ண வட்டப்படங்களைப் பார்த்து மயங்குவோரில் எத்தனை பேர், என் கணக்கை இதிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று வாங்குமுன் கேட்கிறார்கள்? சோதனைக் காலத்திலேயே பத்துப் பரிவர்த்தனைகளை எழுதி, ஏற்றுமதி செய்து, எக்செலில் திறந்து பாருங்கள். தமிழில் எழுதியவை புரியாத குறிகளாகத் தெரிந்தால் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறக்கவேண்டும். ஏற்றுமதிப் பொத்தானே இல்லையென்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கே முடியாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால், 149 வெள்ளிக்காக அதிகம் அலையாதீர்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்றதால் ஒரு செயலியை இறக்கினேன். பிடிக்காமல் இரண்டாம் நாளே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் மூன்று மாதமாக 12.98 வெள்ளி பிடிக்கிறார்கள். இது ஏமாற்று வேலையல்லவா?
– பொங்கோல் வாசகர்

பதில்: அல்ல. செயலியை அழித்தால் சந்தா அழியாது. ஐஃபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்களின் பட்டியல் வரும்; ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் பாருங்கள். ரத்துசெய்தபின் பணத்தைத் திருப்பிக் கேட்டும் பார்க்கலாம், ஆனால் கடைசி மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். செலவைக் கண்காணிக்க இறக்கிய செயலி மூன்று மாதமாக உங்களிடம் பணம் பிடித்ததை நீங்கள் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 68. செயலி என் கடவுச்சொல்லை ஏற்காததால், இணையத்தில் தேடி முதலில் வந்த உதவி எண்ணை அழைத்தேன். மிக மரியாதையாகப் பேசியவர், என் கணினியை அங்கிருந்தே இயக்குவதற்கு ஒரு செயலியை நிறுவச் சொன்னார். பழுதுநீக்கும் கட்டணம் என்று 389 வெள்ளியை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– தோ பாயோ வாசகர்

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர் அந்த மரியாதைக்காரர். தேடலில் முதலில் வருவது பலவேளைகளில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அது நிறுவனத்தின் சொந்த எண்தானா என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. அந்தக் கணினியை இணையத்திலிருந்து உடனே துண்டியுங்கள். அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, அட்டையை நிறுத்தச் சொல்லி, அந்த 389 வெள்ளியை மறுப்பதாகப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கையும் அந்தக் கணினியில் திறந்திருந்தால், கணக்கை முடக்கும் அவசர வசதியைக் கேளுங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் உட்படக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றியபின் காவல்துறையில் புகார் செய்யுங்கள். இனி ஓர் அழைப்பில் சந்தேகம் எழுந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம். பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள். அந்தக் கணினியைத் துடைத்துச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி: பல வங்கிகளின் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க உதவும் எஸ்ஜிஃபின்டெக்ஸ் வழியாக இணைத்திருந்த வங்கி விவரங்கள் ஓராண்டு நன்றாக வந்து, திடீரென்று நின்றுவிட்டன. எங்கே புகார் செய்வது?
– பிடோக் வாசகி

பதில்: எங்கும் வேண்டாம். நீங்கள் கொடுத்த ஒப்புதல் ஓராண்டுக்குத்தான். சிங்பாஸ் வழியாக மறுபடி கொடுங்கள்.