மில் கரண்ட் பில்லைக் கேள்வி கேட்கும் பெண்ணுக்கு ஏஐ சீட்டு எதற்கு?

பல்லடம் பக்கமிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். ஐடிஐ முடித்து நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருப்பவர். மூத்த மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கில் கெட்டி. சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் மைத்துனர், ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்தான் எதிர்காலம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசிவிட்டேன், நாலு வருஷத்துக்குப் பதினைந்து லட்சம்’ என்கிறாராம். மகளோ அப்பா காட்டிய மில்லின் கரண்ட் பில்லைப் பார்த்து, ‘காத்தாடி யூனிட் இவ்வளவு வந்தும் பீக் ஹவருக்கு ஏன் ஈ.பி. போர்டுக்குக் கட்டறீங்க?’ என்று கேட்டிருக்கிறாள். ‘இதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கா சார்?’ என்பது தந்தையின் கேள்வி.

படிப்பும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது ஐயா; மின்சந்தை ஆய்வாளர் என்று அந்த வேலைக்குப் பெயர். முதலில் அந்தப் பதினைந்து லட்சத்தைப் பேசிவிடுவோம். கல்விக் கடனாக வாங்கி, 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ₹19,800. மொத்தம் ₹23.8 லட்சம் போகும்; படிக்கும் காலத்து வட்டி இதில் சேராது. உங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பதால் முதல் பட்டதாரி சலுகை மகளுக்குக் கிடைக்கும். ஆனால் அது ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் சீட்டு வாங்கிய அன்றே அது போய்விடும். இதை மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய சீட்டு இல்லை இது. பைத்தான் புரோகிராமிங்கையும் புள்ளியியலையும் எந்தப் பட்டப்படிப்பின் கூடவும் கற்றுக்கொள்ளலாம்.

இனி உங்கள் மகளின் கேள்வி. மில்லுக்கு வரும் காற்றாலை யூனிட்டைப் பில்லில் நேரவாரியாகத்தான் கழிப்பார்கள். சாதாரண நேரத்தில் உற்பத்தியான யூனிட்டைக் கொண்டு மின்தேவை உச்சத்தில் இருக்கும் காலை, மாலை பீக் நேர உபயோகத்தை ஈடுகட்ட முடியாது. உயரழுத்த இணைப்புக்குப் பீக் நேரத்தில் எனர்ஜி சார்ஜ் மீது 25 சதவீதம் கூடுதல் வேறு. ஆகவே மொத்த யூனிட் போதுமானதாக இருந்தாலும் பில் வரும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் மின்சந்தை ஆய்வாளருக்குச் சம்பளம்.

2003 மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, 1 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கும் ஆலைகள் ஓப்பன் அக்சஸில் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கலாம். 2008 முதல் அதற்கு எக்ஸ்சேஞ்சும், அதாவது மின்சாரத்தை ஏலத்தில் வாங்கி விற்கும் சந்தையும், இருக்கிறது. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, 96 பிளாக்குகளாக வெட்டி, மறுநாளைக்கான ஏலத்தை முதல் நாளே நடத்துகிறார்கள். 2020 ஜூனிலிருந்து அரைமணிக்கு ஒரு ஏலம் நடக்கும் ரியல் டைம் மார்க்கெட்டும் வந்துவிட்டது. சோலார் பொங்கும் மதியத்தில் பல நாள் யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும்; வெயில் இறங்கியதும் அதே மின்சாரம் உச்சவரம்பான ₹10-ஐத் தொடுவதும் உண்டு. அந்த உச்சவரம்பே 2022-ல் ₹20-லிருந்து 12-க்கும், 2023-ல் 10-க்கும் இறக்கப்பட்டது.

எக்ஸ்சேஞ்ச் விலையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுபவர் ஆய்வாளர் இல்லை. டிரான்ஸ்மிஷன் கட்டணம், உள்ளூர்க் கம்பியில் கொண்டுவரும் வீலிங் கட்டணம், வெளியில் வாங்குபவரிடம் போர்டு வசூலிக்கும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், வழியில் கரையும் லாஸ் எல்லாவற்றையும் கூட்டி, மில் கேட்டுக்குள் வரும்போது யூனிட் என்ன விலை என்று சொல்ல வேண்டும். அந்தத் தொகை போர்டு கட்டணத்தைவிடக் கூடும் பிளாக்குகளில் வாங்காமல் இருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

பல மில் கூட்டாகச் சொந்த உபயோகத்துக்கு மின்நிலையம் வைத்துக்கொள்ளும் குரூப் கேப்டிவ் இன்னும் நுணுக்கம். பத்து மில் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் பங்கு வைத்தால், 2005 விதிப்படி பங்கு 26 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே உபயோகிக்க வேண்டும். நூல் மார்க்கெட் படுத்து இரண்டு மில் ஷிஃப்டைக் குறைத்தால் அந்த 51 தவறலாம். தவறினால் அந்த ஆண்டு முழுக்கக் கேப்டிவ் அந்தஸ்து போய், ஒழுங்காக ஓடிய மில்லுக்கும் சர்சார்ஜ் விழும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கண்டுபிடித்து ஒன்றும் பண்ண முடியாது. அக்டோபரிலேயே கணக்குப் பார்த்து எச்சரிப்பவரைத்தான் மில்காரர்கள் தேடுகிறார்கள்.

படிப்பு: கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) முதல் விருப்பம். அது அமையாவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியில் புள்ளியியலோ பொருளாதாரமோ போதும். பட்டம் வாங்கிய கையோடு லட்சக்கணக்கில் செலவழித்து எனர்ஜி எம்.பி.ஏ. வேண்டாம், இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்த பிறகு யோசிக்கலாம். மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் நூற்றுக்கணக்கான பக்க ஆணையைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். மென்பொருள் தெரிந்த பலர் சறுக்குவது இங்கேதான்.

முதல் வேலை மின்சாரத்தை வாங்கி விற்கும் நிறுவனங்களிலும், காற்றாலை உற்பத்தியை 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் முன்கணித்து ஷெட்யூல் கொடுக்கும் ஏஜென்சிகளிலும், பெரிய மில் குழுமங்களின் பவர் பிரிவிலும் கிடைக்கும். கணிப்புக்கும் உண்மை உற்பத்திக்கும் இடைவெளி வரம்பைத் தாண்டினால் அபராதம். ஆடிக் காற்றில் தூக்கம் கெடும். ரியல் டைம் டெஸ்க் என்றால் நைட் ஷிஃப்ட் உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.க்குப் போன தோழிகளைவிடக் குறைவாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள்.

சொந்தமாகக் கன்சல்டன்சி தொடங்குவது எட்டுப் பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு. முதலீடு பெரிதில்லை, வாடிக்கையாளர் நம்பிக்கைதான் மூலதனம். ஆலோசனை சொல்ல லைசென்ஸ் வேண்டாம். மின்சாரத்தை வாங்கி விற்பதானால் லைசென்ஸ் வேண்டும். பலர் விழுவது பண விஷயத்தில். எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் முன்கூட்டியே போயாக வேண்டும். வாடிக்கையாளருக்காகத் தன் கைக்காசைப் போட்டவர், ஒரு மில் பாக்கி வைத்தாலே முடங்கிவிடுவார். ‘சேமிப்பில் பங்கு’ என்று கட்டணம் பேசினால், எந்தக் கட்டண ஆணையை அடிப்படையாக வைத்துச் சேமிப்பைக் கணக்கிடுவது, நடுவில் சர்சார்ஜ் ஏறினால் நஷ்டம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு இரண்டாம் வருஷம் சண்டைதான் மிச்சம்.

இதெல்லாம் உங்கள் மகளுக்கு ஒத்துவருமா என்பதைக் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். மில் ஆபீசில் சொல்லிவிட்டு 12 மாத பில் நகல் வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் தளத்தில் ஜூலையில் ஒரு வாரம், பிப்ரவரியில் ஒரு வாரம் 96 பிளாக் விலையை அவளே இறக்கி எக்செலில் வரைபடம் போடட்டும். காற்று சீசனிலும் சீசன் இல்லாதபோதும் மாலை விலை எப்படி மாறுகிறது, எந்த மணிக்கு மில் வெளியில் வாங்கியிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆர்வமாகச் செய்தால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் உடனே விண்ணப்பித்து, விருப்பப் பட்டியலில் இ.இ.இ.யை மேலே வையுங்கள். இரண்டாம் நாளே சலித்துவிட்டால் இந்தத் துறையை விட்டுவிட்டு அவளுக்கு எது பிடிக்கிறது என்று கேளுங்கள். அப்போதும் அந்த மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.