ஒரே கியூஆர் அட்டை, இரண்டு வியாபாரம்: ஜிஎஸ்டி எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஆண்டு விற்பனை சுமார் 31 லட்சம். கடை வாசலில் என் மனைவி டீ, வடை போடுகிறார்; அதில் ஐந்தாறு லட்சம் வரும். இரண்டுக்கும் ஒரே கியூஆர் அட்டை, என் வங்கிக் கணக்கு. "யுபிஐ வரவைப் பார்த்து நோட்டீஸ் வரப்போகிறது, 12,000 ரூபாய் கொடுங்கள், ஜிஎஸ்டி நம்பர் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் ஆதாரும் பான் கார்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு பைசா கட்டணம் வாங்குவதில்லை. அந்த 12,000 முழுக்க அவருடைய கூலி. கூலி வாங்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் இப்படி வருகிறவர்களில் பலர் விண்ணப்பத்தில் தங்கள் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும், நோட்டீஸும் அவருக்கே போகும். உங்கள் பெயரில் போலி பில் போட்டு வேறு யாரோ வியாபாரம் செய்தாலும் உங்களுக்குத் தெரியாது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் பெயரில் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

சரி, உங்கள் கவலைக்கு வருவோம். யுபிஐயில் பணம் வாங்கினால் அதற்கென்று தனி வரி கிடையாது. 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது யுபிஐ வரவை மொத்த விற்பனையாக எடுத்துக்கொண்டதால். மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் அதே கணக்கில்தானே விழுகிறது? ஆகவே தினசரி விற்பனையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சரக்கு மட்டும் விற்கிறவர் ஜிஎஸ்டி பதிவு எடுத்தே ஆக வேண்டிய விற்பனை வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். நீங்கள் 31தான் என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் டீக்கடை இடிக்கிறது. டீயும் வடையும் போட்டுக் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் சேவை. ஒரே பான் எண்ணில் சரக்கும் சேவையும் கலந்தால் 40 லட்சம் என்ற வரம்பு போய், மொத்தத்துக்கும் 20 லட்சம்தான். வரியில்லாத சில்லறை அரிசி விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும். அதாவது, இரண்டும் உங்கள் பெயரில் ஓடினால் நீங்கள் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியவர். ஒரு பாய்லரை வாசலில் வைத்ததற்காக வரம்பைப் பாதியாக்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2017இல் வைத்த 20 லட்சம் அப்படியே நிற்கிறது. பால் விலை அப்படியா நிற்கிறது?

டீக்கடை உண்மையிலேயே உங்கள் மனைவியுடையது என்றால் நிலைமை வேறு. வரம்பு குடும்பத்துக்கு அல்ல, பான் எண்ணுக்கு. அவர் பால் வாங்கி, அவரே லாபத்தை வைத்துக்கொள்கிறார் என்றால் அதைத் தாளிலும் காட்டுங்கள்: அவர் பெயரில் பான், வங்கிக் கணக்கு, தனி கியூஆர், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பால்காரர் சீட்டு. அப்போது கடை 31, அவர் ஐந்தாறு. இருவருக்கும் பதிவு தேவையில்லை. பெயருக்கு மட்டும் பிரிக்காதீர்கள். "பால் காசு யார் கொடுக்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும்.

பிரிக்க முடியாது என்றால் பதிவு எடுங்கள், இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்); சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை அது. கடைக்காரருக்கு வரி உள்ள சரக்கின் விற்பனையில் ஒரு சதவீதம், உணவு விற்பவருக்கு 5 சதவீதம். கட்டுவது காலாண்டுக்கு ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. பதிவு எடுத்துவிட்டால் வியாபாரமே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும்; தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். இதைச் சொல்லாமல் நம்பர் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால் கடையை மூடிய குடும்பங்களும் பாக்கி சுமக்கின்றன. வரித் துறையும் ஆங்கில நோட்டீஸை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றிவிட்டு, கொடுத்தாகிவிட்டது என்கிறது. மளிகைக்காரர் தினமும் போர்ட்டலைத் திறந்து பார்ப்பாரா?

வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். உத்தேச லாப முறையில் ரொக்க விற்பனையில் 8 சதவீதம், யுபிஐ விற்பனையில் 6 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். 31 லட்சமும் ரொக்கம் என்றே வைத்தாலும் 2,48,000. உண்மையான லாபம் இதைவிட அதிகமென்றால் அதைக் காட்டுங்கள். வருமான வரியின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை.

ஒருவேளை அவரிடம் ஏற்கெனவே ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, கடவுச்சொல் தேவையில்லை. உங்கள் பான், மனைவியின் பான் இரண்டையும் போட்டுப் பாருங்கள். தெரியாத பதிவு எதுவும் வந்தால், அன்றைக்கே உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு, காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுங்கள்.