கண்ணைத் திறந்துகொண்டே வரையுங்கள்

கேள்வி: எனக்குச் சின்னக் கண். மேல் இமைச் சதை மடிந்து இறங்கியிருப்பதால், பார்த்துப் பார்த்து வரைந்த ஐலைனர் கண்ணைத் திறந்ததும் காணாமல் போகிறது, கண் ஓரத்தில் நீட்டிவிடும் வால் நடுவில் உடைந்து நிற்கிறது. மைனஸ் பவர் கண்ணாடி வேறு. தங்கைக்கோ முட்டைக் கண். அடுத்த மாதம் அவள் கல்யாணம். என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கையில் கோளாறு இல்லை. வீடியோக்களில் வரும் பெண்கள் பலருக்கு இமை அகலமாக வெளியே தெரியும், அவர்கள் கண்ணை மூடி வரைந்தாலும் கோடு அதே இடத்தில் நிற்கும். உங்களுக்கு அதில் பாதியை மடிப்பு விழுங்கிவிடுகிறது. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியை நேரே வைத்து, முகவாயையோ புருவத்தையோ தூக்காமல், கண்ணைத் திறந்தபடியே வால் முடிய வேண்டிய இடத்தில் முதலில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து இமை ஓரத்துக்குக் கோட்டை இழுத்து, நடுவே குறுக்கிடும் மடிப்பின் மேலும் பூசிவிடுங்கள். கண்ணை மூடினால் வௌவால் சிறகு மாதிரி கோணலாகத் தெரியும். தெரியட்டுமே, மண்டபத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டா நிற்கப் போகிறீர்கள்? மற்றபடி கோடு மெல்லியதாகவே இருக்கட்டும், பட்டையாகப் போட்டால் கொஞ்சநஞ்சம் தெரிகிற இமையும் போய்விடும்.

ஐஷேடோவும் அப்படித்தான். பளபளப்பில்லாத பழுப்பை, கண் திறந்திருக்கும்போதே மடிப்புக்குச் சற்று மேலே தீற்றிக் கலைத்துவிடுங்கள். மினுமினுப்பு அந்தச் சதை மேல் படவே கூடாது, அதை இன்னும் உப்பலாகக் காட்டும்.

அப்புறம் மை. கீழ் இமையின் உள்விளிம்பு முழுக்க அழுத்தி இழுக்கிற நம் ஊர்ப் பழக்கம் சின்னக் கண்ணை நாலு பக்கமும் அடைத்துவிடும், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மை இல்லாமல் அம்மா விடமாட்டார் என்றால், வெளி ஓரத்தில் மட்டும், இமை முடிக்குக் கீழே, பழுப்புப் பென்சிலால் லேசாக. உள்விளிம்புக்குத் தோல் நிறப் பென்சில் போதும், வெள்ளை மாநிறத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மைனஸ் லென்ஸ் கண்ணை இன்னும் சிறிதாக்கிக் காட்டும், அதனால் இமை முடியைச் சுருட்டி மஸ்காரா போடுவது உங்களுக்கு அவசியம். பிளஸ் பவர்காரர்களுக்கு நேர்மாறு: லென்ஸ் கண்ணைப் பெரிதாக்கும்போது திரண்ட மஸ்காராவையும் சேர்த்துப் பெரிதாக்கும். அன்றைக்குக் கான்டாக்ட் லென்ஸ் என்றால், லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப், கலைக்கும்போது முதலில் லென்ஸ்.

நான் உங்களுக்கு வேண்டாம் என்றதில் பாதி தங்கைக்குப் பொருந்தும். பட்டைக் கோடு, உள்விளிம்பு மை, இமை முழுக்க அடர் நிறம், எல்லாம் சரி. மினுமினுப்பு மட்டும் அவருக்கும் வேண்டாம்.

மணமேடை ஓரம் ஹோமப் புகையில் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்காது, இருவருமே வாட்டர்ப்ரூஃப் வாங்குங்கள். இமையில் எண்ணெய் வழிந்தால் முதலில் துடைத்துப் பவுடர் ஒற்றி, வரைந்த பென்சில் கோட்டின் மேல் அதே நிற ஐஷேடோவை அழுத்தினால் மதியம்வரை ஈஷாது. மஸ்காராவைத் திறந்து 3 மாதம் தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அக்கா தங்கை ஆனாலும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள், கண் நோய் அதில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.