கோயில் கல்லூரியில் வேலை, சான்றிதழில் சிக்கல்

கேள்வி: என் மகள் எம்.காம். முடித்து, உதவிப் பேராசிரியருக்கான நெட் தகுதித் தேர்வில் தேறியவள். கோயில் நிர்வாகம் நடத்தும் ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் உதவிப் பேராசிரியர் முதல் வாட்ச்மேன் வரை 'இந்துக்கள் மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் அவள் சான்றிதழ்களில் இந்து என்றே இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா? வணிகவியலுக்கு ஏது மதம்?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: வணிகவியலுக்கு மதம் கிடையாது என்பதுதான் என் கட்சியும். கோர்ட் அப்படிப் பார்க்கவில்லை அம்மா. சென்னை கொளத்தூரில் கபாலீஸ்வரர் கோயில் சார்பில் நடக்கும் கலை அறிவியல் கல்லூரி 2021-ல் இதே மாதிரி விளம்பரம் கொடுத்தது. முஸ்லிம் ஒருவர் வழக்குப் போட்டார். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1959-ம் வருடத்து அறநிலையத்துறைச் சட்டத்தின் 10-வது பிரிவு, அதன்கீழ் நியமிக்கப்படும் ஊழியர் இந்துவாக இருக்க வேண்டும் என்கிறது. சமய நிறுவனத்தின் காரியங்களோடு தொடர்புள்ள பதவிக்கு அப்படி நிபந்தனை போடும் சட்டத்தை அரசியலமைப்பின் 16(5) பிரிவு அனுமதிக்கிறது. அர்ச்சகர், ஓதுவார் என்றால் சரி. பற்று வரவு சொல்லிக்கொடுப்பது எப்படிக் கோயில் காரியமாகும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

இந்து என்று எழுதிப் போட்டுவிடலாம் என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அதே 10-வது பிரிவின் பின்பாதி, இந்துவாக இல்லாமல் போனால் பதவியும் போய்விடும் என்கிறது. யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும். புதுச்சேரியில் குமாஸ்தா வேலைக்காக ஒரு பெண், தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றதையும் சர்ச்சுக்குப் போய்வருவதையும் பார்த்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொன்னது. உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படித்தானே?

சிறுபான்மைக் கல்லூரிகள் அரசியலமைப்பின் 30-வது பிரிவின்படி தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்கே போகலாம் என்றாலும், கிறிஸ்தவருக்கென்று வைத்த இடத்தில் இந்தச் சான்றிதழ் இடிக்கும். அரசுக் கல்லூரிப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுக்கு மதம் தடையில்லை. ஆனால் அங்கும் இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழைக் காட்டத்தான் வேண்டும். அதில் இருப்பது எது, நீங்கள் கும்பிடுவது எது என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.