கடன் நோட்டைத் திறக்கவே கை வரவில்லை! – வாசகர் கேள்வி பதில்

(2021 ஜூனில், கொரோனா ஊரடங்கின்போது எழுதியவை. இதில் வரும் கடன் சலுகைகளும் விதிகளும் தேதிகளும் அந்தக் காலத்தவை.)

கேள்வி: சார், எனக்கு 38 வயது. சொந்தமாக ஸ்கூல் வேன் வைத்து ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும், போன வருடம் மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியதோடு சரி. நடுவில் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்ச நாள் திறந்தார்கள், என் வேனில் வருவதெல்லாம் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை. வேன் தவணை மாதம் 11,800. போன வருடம் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று சொன்னபோது நானும் கட்டவில்லை, அதற்கும் வட்டி ஏறியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அடகுக் கடையில் மனைவி நகை 1,20,000க்கு இருக்கிறது, இரண்டு ரூபாய் வட்டி. கிரெடிட் கார்டில் 46,000. மச்சானிடம் கைமாற்று 30,000. மளிகைக் கடை பாக்கி 7,400. போன மாதம் முழு ஊரடங்கில் அனுமதி வாங்கி வேனில் காய்கறி விற்றேன், நாளுக்கு 500, 600 நின்றது. இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன், ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அதோடு விட்டாயிற்று. இப்போது 11 மணி வரை படுத்துக் கிடக்கிறேன், போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். வழியே இல்லையென்றால்கூடப் பரவாயில்லை, இருக்கிற வழியில் போகவும் மனசு வரவில்லை. நான் சோம்பேறியா சார்? எந்தக் கடனை முதலில் கட்ட?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றியவர் சோம்பேறியா என்று என்னிடம் கேட்கிறீர்களே தம்பி! அந்தப் பேச்சை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கவிழ்த்து வைத்த போன்தான். நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன், ஊரார் கடனுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு எனக்கே கடன் மூச்சு முட்டியபோது என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வரும் கவர்களைப் பிரிக்காமலே பீரோவின் மேல் தட்டில், பழைய காலண்டருக்கு அடியில் சொருகிக்கொண்டே வந்தேன். ஏழெட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அத்தனையையும் பாயில் கொட்டிப் பிரித்தாள். பதினொரு கவர். நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த தொகையைவிட உண்மையான கடன் ஒன்பதாயிரம் குறைவு! அதில் ஒரு கவர் வளைகாப்புப் பத்திரிகை, அந்த வளைகாப்பும் முடிந்து குழந்தைக்குப் பல் முளைத்திருக்கும்.

அதனால் முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், நீங்கள் படுத்தபடியே வாசிக்கலாம். வேனைத் தனியாக வைத்தால் மொத்தம் 2,03,400. இதில் மச்சானுக்கும் மளிகைக் கடைக்கும் வட்டி இல்லை. மாதா மாதம் ஒழுகுகிற ஓட்டை இரண்டுதான். அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,400. கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் வட்டி 1,610, அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 1,900. குறைந்தபட்சத் தொகை என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருப்பார்களே, ஐந்து சதவீதம் என்றால் 2,300, அதைக் கட்டினால் அசலில் குறைவது வெறும் 400 ரூபாய். அந்தத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் எல்.கே.ஜி. பிள்ளைகள் கல்லூரி போகும்போதும் அந்தக் கடன் ஏதோ ஒரு அளவில் இருக்கும்.

கார்டுக்கு வங்கிக்குப் போன் செய்து நிலுவை முழுவதையும் மாதத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் செய்கின்றன, வட்டியும் குறையும். மாற்றிய பிறகு கார்டைத் தேய்க்கக்கூடாது, மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

நகைக்குச் சற்று மெனக்கெட வேண்டும். வங்கியில் ஆண்டுக்கு ஒன்பது சதவீத வட்டிக்கு வைக்க முடிந்தால் அதே 1,20,000க்கு மாதம் 900தான் ஆகும், மாதம் 1,500 மிச்சம். ஆனால் வங்கியில் வைக்க நகை கையில் வேண்டும், நகை கையில் வரப் பணம் வேண்டும். அதனால் முதலில் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நகை முழுவதும் ஒரே சீட்டில் இருக்கிறதா, இரண்டு மூன்று சீட்டாக இருக்கிறதா? தனித்தனி என்றால் சிறிய சீட்டை மட்டும் காலையில் மீட்டு, வங்கி மூடுவதற்குள் அங்கே வைத்து, வந்த பணத்தில் அடுத்த சீட்டை மீட்கலாம். ஒரே சீட்டு என்றால் ஒரே ஒரு நாளைக்கு முழுப் பணமும் தேவை, அதற்குக் கூடவே வந்து நிற்கிற சொந்தக்காரர் ஒருவர் வேண்டும். வங்கி நகை மதிப்பில் எவ்வளவு தரும் என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 90 சதவீதம் வரை தரலாம் என்று தளர்த்தியது 2021 மார்ச் 31 உடன் முடிந்து, பழையபடி 75 ஆகிவிட்டது.

வேன் கடன். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொடுத்தது தள்ளிவைப்புதான், தள்ளுபடி இல்லை. நிறைய பேர் அப்படித்தான் ஏமாந்தார்கள், பத்திரிகைகளும் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை (எங்களையும் சேர்த்துத்தான்). 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த ஆறு மாத வட்டிக்கு மேல் வட்டி போடக்கூடாது என்றுதான், வட்டியே இல்லை என்று சொல்லவில்லை. இப்போது புதிதாக ஒரு வழி இருக்கிறது. 2021 மே 5 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த கடன் சீரமைப்பில் தனிநபர்களும் சிறு தொழில் செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம். 2021 மார்ச் 31 அன்று உங்கள் கணக்கு வாராக்கடனாக ஆகியிருக்கக்கூடாது, அதாவது மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி நின்றிருக்கக்கூடாது. 2021 செப்டம்பர் 30க்குள் முடிவாக வேண்டும் என்பதால் இந்த மாதமே எழுதிக் கொடுங்கள். மனு வந்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தவணையை இரண்டு வருடம் வரை தள்ளலாம் என்று விதி சொல்கிறது, உங்களுக்கு எவ்வளவு தருவது என்பது அவர்கள் முடிவு. இதிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் சீரமைத்த கடன் என்று ஏறும். வேனை இழுத்துக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, எதை முதலில் கட்ட என்று கேட்டீர்கள். கணக்கு தெரிந்த யாரைக் கேட்டாலும் கார்டு என்பார்கள், சரியான பதில்தான். நான் மளிகைக் கடை என்கிறேன். அந்தக் கடை உங்கள் தெருவில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் கூசித்தான் நீங்கள் வெளியே கிளம்புவதைப் பாதி நாள் தவிர்க்கிறீர்கள் என்பது என் ஊகம், தப்பென்றால் திட்டி எழுதுங்கள். ரேஷன் கடையில் இந்த மாதம் தரும் கொரோனா நிவாரணத்தின் இரண்டாம் தவணை 2,000 இருக்கிறதல்லவா, அதில் ஆயிரத்தைக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுத்து, அவர் நோட்டில் வரவு வைப்பதை நின்று பாருங்கள். மச்சானிடம் இப்போதைக்குப் பணம் வேண்டாம், ஒரு போன் போதும். ‘தீபாவளிக்கு அப்புறம்தான் மாப்ளே தர முடியும்’ என்று சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார்.

இனி அந்த எழுந்திருக்காத காலைக்கு வருகிறேன். இத்தனை வருடம் உங்களை விடியலில் எழுப்பியது அலாரமா? முதல் ஸ்டாப்பில் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்தபடி நிற்கிற குழந்தை. நீங்கள் போகாவிட்டால் அது நின்றுகொண்டே இருக்கும் என்பதால் காய்ச்சலிலும் எழுந்தீர்கள். காய்கறி வண்டிக்கு அப்படி யாரும் காத்திருக்கவில்லை. ஓட்டினால் லாபம், ஓட்டாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, அப்படிப்பட்ட வேலைக்கு மனசு சோர்ந்திருக்கும்போது உடம்பு எழாது. ஆகவே யாரையாவது காத்திருக்க வையுங்கள். உங்கள் போனில் நாற்பது பெற்றோரின் எண் இருக்குமே, அவர்கள் உங்களை நம்பிப் பிள்ளையையே அனுப்பியவர்கள், கத்தரிக்காய்க்கா நம்ப மாட்டார்கள்? முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் என்ன வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லி, பழைய ஸ்டாப்புகளிலேயே பழைய நேரத்துக்கு நில்லுங்கள். தினமும் வேண்டாம், செவ்வாய், வியாழன், சனி போதும். உங்கள் மாவட்டத்தில் இன்னும் பெரிய ஊரடங்குத் தளர்வு வரவில்லை, அதனால் அனுமதி இன்னும் செல்லுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்டர் சொன்னதைத்தான் வாங்குவீர்கள் என்பதால் சாயங்காலம் வாடிய கீரையைத் தூக்கிப் போடுகிற நஷ்டமும் குறையும்.

மூன்று நாள் ஓட்டுகிற வாரத்தில் மீதி நாள் படுத்துக் கிடந்தால் பரவாயில்லை. அந்த நாட்களில் ஒரே ஒரு வேலை, ஒரு போன். திங்கள் கார்டு, புதன் வேன் கடன் கொடுத்தவர்கள், வெள்ளி வங்கி நகைக் கடன்.

ஒன்று நேராகவே கேட்கிறேன். தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டு வாரக்கணக்காகிறதா? செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா? வந்திருந்தால் மேலே எழுதியது எதுவும் இன்றைக்கு வேண்டாம். 104க்கு அழையுங்கள், அரசாங்க எண், மனநல ஆலோசகரிடம் பேசலாம். மனைவியிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, நுண்கடன் நிறுவனத்தின் குழுவில் 30,000 கடன் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓடவில்லை. தவணை கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் போட வேண்டும் என்று அவர்களை ஏவி விடுகிறார்கள், வசூலுக்கு வருகிற பையன் வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். வேறு ஒரு நிறுவனத்தில் வாங்கி இதை அடைத்துவிடலாமா?

– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: வாங்கவே வாங்காதீர்கள் அம்மா. ஒரு குழுக் கடனை இன்னொன்றால் அடைத்தவர்கள் கடைசியில் வாரத்தில் நாலு நாள் தவணை கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நுண்கடன் நிறுவனம் வசூலை ஒரு பொது இடத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இதை அந்தப் பையனிடம் கத்திச் சொல்ல வேண்டாம், அவனும் சம்பளத்துக்கு வந்தவன். அவனுடைய மேலாளர் எண்ணை வாங்கி அவரிடம் சொல்லுங்கள். மேலே வேன்காரருக்குச் சொன்ன 2021 மே 5 கடன் சீரமைப்பு அறிவிப்பு உங்களுக்கும் பொருந்தும், தவணையைத் தள்ளக் கேட்டு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் அதே கஷ்டம்தானே. 100 ரூபாய் கட்டினாலும் அட்டையில் வரவு வைக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: வேலை போன சமயத்தில் ஒரு கடன் ஆப்பில் 5,000 கேட்டேன், பிடித்தது போக 3,200தான் வந்தது. ஏழாம் நாளே 5,000 கட்டச் சொல்லி, என் போனில் உள்ள எல்லோருக்கும் நான் திருடன் என்று செய்தி அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். வெளியில் சொல்ல அவமானமாக இருக்கிறது.

– வாசகர், சென்னை

பதில்: அவர்கள் பிழைப்பே உங்கள் அவமானத்தில்தான் ஓடுகிறது. அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நீங்களே அனுப்புங்கள். ‘என் போன் விவரங்களைத் திருடிய ஒரு கடன் ஆப்பிலிருந்து என்னைப் பற்றித் தப்பாகச் செய்தி வரலாம், பொருட்படுத்த வேண்டாம்’ என்று எல்லோருக்கும் ஒரு வரி. பத்து பேராவது ‘எனக்கும் இப்படி நடந்தது’ என்று பதில் போடுவார்கள் பாருங்கள். மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். இந்த ஆப்கள் பற்றிக் 2020 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. இன்னொரு ஆப்பில் வாங்கி இதைக் கட்டாதீர்கள்.

கேள்வி: நண்பனுக்கு நான் கொடுத்த 8,000 ரூபாயை ஒன்றேகால் வருடமாக லாக்டவுன், லாக்டவுன் என்று சொல்லியே இழுக்கிறான். இப்போது போனும் எடுப்பதில்லை. என்ன செய்ய?

– வாசகர், திருச்சி

பதில்: அவர் போனும் எங்கேயோ கவிழ்ந்துதான் கிடக்கும். 8,000 கேட்காதீர்கள். ‘இந்த மாதம் 500 மட்டும் போடு மச்சி, மீதியை அப்புறம் பேசிக்கலாம்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். 500 வந்தால் எனக்கும் ஒரு தபால் கார்டு போடுங்கள், ஒருவரிடம் நானும் இதே முறையில் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.