பேதுருவும் ரோமை ஆயரும்: கேள்வி பதில்

பேதுருவின் வாரிசு என்று கத்தோலிக்கர் நம்பும் ரோமை ஆயரே (பிஷப்) திருத்தந்தை, அதாவது போப். அந்தப் பதவியின் தொடக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாக எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மேற்கோளைக் காட்டினாலும் அது எந்த ஆண்டு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

மத்தேயு 16:18-ல் இயேசு தன் சீடரிடம் "நீ பேதுரு, இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்கிறார். கிரேக்க மூலத்தில் பேதுருவுக்கு வரும் பெட்ரோஸ் என்றால் சிறு கல், பாறைக்கு வரும் பெட்ரா என்றால் பெரும் பாறை. அப்படியானால் பாறை பேதுரு இல்லைதானே?

பேதுருதான். இயேசு பேசிய அரமேய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்: கேபா. யோவான் 1:42-ல் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. பவுலும் கலாத்தியருக்கும் கொரிந்தியருக்கும் எழுதும்போது பெரும்பாலும் கேபா என்றே சொல்கிறார். கிரேக்கத்தில் பெட்ரா பெண்பால் சொல். ஆணுக்குப் பெயராக வைக்க அதைப் பெட்ரோஸ் என்று மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சிரியாக் மொழிபெயர்ப்பான பெஷித்தாவில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். லூத்தரன் அறிஞர் ஆஸ்கர் குல்மனும் பாறை பேதுருதான் என்று ஏற்றுக்கொண்டவர்.

அடுத்த வசனத்தில் இயேசு பேதுருவுக்குத் தருவதாகச் சொல்லும் திறவுகோலுக்கு எசாயா 22:22-ஐப் படியுங்கள். அரண்மனை மேலாளன் எலியாக்கிமின் தோளில் தாவீது வீட்டுச் சாவி வைக்கப்படுகிறது. சாவி ஒரு பொறுப்பின் அடையாளம். ஆனால் மத்தேயுவில் ரோமை என்ற ஊர் இல்லை, வாரிசு என்ற பேச்சும் இல்லை. அவை பின்னால் வரும் கேள்விகள். இந்த வசனத்துக்குள் திணிக்காதீர்கள்.

பேதுரு ரோமைக்குப் போனதாக பைபிளில் எங்கே இருக்கிறது?

1 பேதுரு 5:13-ல் "பாபிலோன்" என்று வருவது ரோமையைத்தான் குறிக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கி.பி. 200 வாக்கில் காயுஸ் என்ற ரோமைக் குரு, வத்திக்கானில் பேதுருவின் நினைவிடத்தைக் காட்ட முடியும் என்று எழுதினார். 1940-களில் வத்திக்கானின் புனித பேதுரு பேராலயப் பலிபீடத்துக்குக் கீழே தோண்டியபோது, சிவப்புச் சாந்து பூசிய சுவரில் குடைந்த ஒரு மாடமும், அதன் முன் இரண்டு சிறு தூண்கள் தாங்கிய கற்பலகையும் வெளிப்பட்டன. கி.பி. 160 வாக்கில் கட்டியது. சுற்றிலும் சாதாரண மக்களின் கல்லறைகள். கண்டெடுத்த எலும்புகள் பேதுருவுடையவை என்று போப் ஆறாம் பவுல் 1968-ல் அறிவித்தார். ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை. மாடத்தின் சான்று உறுதி, எலும்பின் சான்று அப்படியல்ல.

எங்கள் பாட்டி சொல்லும் இராயப்பர் யார்?

பேதுருதான். சின்னப்பர் என்றால் பவுல். ஜூன் 29 இருவருக்கும் திருநாள்.

பெட்ரோஸ், பெட்ரா வித்தியாசத்தை விளக்குங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி.

பேதுருவுக்குப் பிறகு லீனுஸ்தான் இரண்டாவது போப் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?

சகோதரி, லீனுஸ் பெயரை விட வேண்டாம். ஆனால் இன்றைய போப்பின் அங்கியை அவருக்கு மாட்டிவிடாதீர்கள். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் 110 வாக்கில் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். எபேசுக்கு எழுதும்போது ஆயர் ஒனேசிமுவைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார். மக்னேசியாவுக்கு எழுதும்போது தாமாஸ். திரல்லேசுக்கு எழுதும்போது பொலிபியுஸ். ஆயரை விட்டு எதையும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்பவர், ரோமைக்கு எழுதிய கடிதத்தில் அவ்வூர் ஆயர் என்று ஒருவரைக்கூடக் குறிப்பிடவில்லை. 96 வாக்கில் ரோமையிலிருந்து கொரிந்துக்குப் போன கடிதத்தை, ஆரம்பகால ரோமைத் தலைவர்களில் ஒருவரான கிளமெந்துவின் கடிதம் என்கிறோம். உள்ளே அவர் பெயர் இல்லை. அனுப்பியது ரோமைத் திருச்சபை. அந்நாளில் மூப்பர் குழு ஒன்று வழிநடத்தியது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் லீனுஸ் முதல் எலூதேரியுஸ் வரை ரோமை ஆயர்கள் பன்னிரண்டு பேரைப் பட்டியலிட்ட லியோன் நகர ஆயர் இரேனியு பொய் சொன்னாரா? (அதே சகோதரி)

இல்லை. குழுவில் முன்னால் நின்றவர்களின் பெயர்களை, 180 வாக்கில் தன் காலத்து வழக்கப்படி ஆயர்கள் என்று வரிசைப்படுத்தினார் என்று நினைக்கிறேன். பெயர்கள் உண்மையாக இருக்கலாம், பதவியின் வடிவம் வேறு.

போப் பதவி கட்டுக்கதை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். (ஒரு பெந்தெகொஸ்தே போதகர்)

ஒப்புக்கொள்ளவில்லை, ஐயா. கொரிந்தில் மூப்பர்களைப் பதவியிறக்கியபோது ரோமை தலையிட்டுக் கண்டித்ததே, 96-லேயே! அந்த அக்கறை எங்கிருந்து வந்தது? 190 வாக்கில் பாஸ்காவை (ஈஸ்டர்) எந்த நாளில் கொண்டாடுவது என்ற தகராறில் ரோமை ஆயர் விக்டர் ஆசியத் திருச்சபைகளை உறவிலிருந்து விலக்க முயன்றார். அவரைக் கண்டித்து எழுதியவர் அதே இரேனியு. 250-களில் ரோமை ஆயர் ஸ்தேவான் பேதுருவின் இருக்கையைக் காட்டி அதிகாரம் கோரினார்; கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் வெளிப்படையாக மறுத்தார். இரண்டு பக்கமும் உண்மை. உங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுக்காதீர்கள், எங்கள் ஆட்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தானே போப்பை உருவாக்கினார்?

இல்லை. விக்டரும் ஸ்தேவானும் அவருக்கு முந்தியவர்கள். 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு அப்போதைய ரோமை ஆயர் சில்வெஸ்தர் போகவே இல்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம் 8-ம் நூற்றாண்டுப் போலி. 1440-ல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா மொழிநடையை வைத்தே அதை உடைத்தார். ஆண்டைப் பாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

பேதுருவுக்கு மாமியார் இருந்தாரே, குருக்கள் ஏன் மணம் முடிப்பதில்லை?

மாமியார் உண்டு, மாற்கு 1:30. மற்றது திருச்சபைச் சட்டம் படித்தவரிடம் கேளுங்கள்.

பெட்ரா பெண்பால் என்றால்...

மூன்றாவது முறை. முதல் பதில்.

"போப்" என்ற பெயர் எப்போது வந்தது?

"பாப்பா", அப்பா என்று பொருள். சிப்ரியானுக்கு ரோமைக் குருக்கள் எழுதிய கடிதத்திலேயே அவரைப் பாப்பா என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் ரோமைக்கு மட்டுமே என்று போப் ஏழாம் கிரகோரியின் 1075 குறிப்பு சொல்கிறது.

அதிகாரம் முழுதாகக் கோரப்பட்டது எப்போது?

போப் முதலாம் லியோவின் காலத்தில், 440 முதல் 461 வரை. பேதுருவின் வாரிசாகத் தன்னைத் தெளிவாக நிறுத்தியவர். 451-ல் கல்செதோன் சங்கத்தில் அவர் கடிதத்தை வாசித்தபோது "லியோ வழியாகப் பேதுரு பேசினார்" என்று ஆயர்கள் முழங்கினார்கள். அதே சங்கம்தான் 28-ம் விதியில், தலைநகரமான புது ரோமை என்பதால் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் ரோமைக்கு நிகரான சலுகைகளைக் கொடுத்தது. லியோ அந்த விதியை ஏற்க மறுத்துவிட்டார்.